வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை: மண், காசு, பேச்சு மூன்றையும் வரிசையாகச் சீராக்கும் முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தோட்டம் போட வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் வாரத்திலேயே உர மூட்டை, மண் கலவை, நாலைந்து கருவி, வரிசையாகத் தொட்டிகள் எல்லாம் வாங்கிவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் செடி வெளிறி நிற்கும், காசு கரைந்திருக்கும், பக்கத்து வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாகச் சருகு குப்பை வண்டிக்குக் காத்திருக்கும், அதைக் கேட்க மட்டும் வாய் வராது.

மண், காசு, பேச்சு என்று இதை மூன்று தனிக் குறைகளாகப் பார்க்கலாம். பலருக்குக் கூடவே நின்று சொல்லிக்கொடுத்த பிறகு எனக்குத் தெரிவது, மூன்றிலும் வரிசைதான் பிசகுகிறது. முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும், அப்புறம் கேட்க வேண்டும், வாங்குவது கடைசி. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா. மூடியுள்ள வாளி. ஒரு கண்ணாடிச் சாடி. மண்வெட்டி. சருகு போட்டு வைக்க நாலைந்து பழைய சாக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில், தண்ணீர் தேங்காத, கொஞ்சம் நிழல் விழுகிற இடம். இவ்வளவு போதும்.

இதற்கு மேல் முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். மண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் வாங்குகிற உரம், நோய் என்னவென்று தெரியாமல் விழுங்குகிற மாத்திரை மாதிரி. வாங்கத் தோன்றுகிற பொருளின் பெயரை மட்டும் தேதியோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் 9ஆம் படியில் தேவைப்படும்.

பாத்திக்கு இடம் பார்க்கும்போது, பழைய பெயின்ட் உதிர்கிற சுவருக்கு அடியில் மட்டும் காய்கறி வேண்டாம். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருந்தது, மண்ணில் சேர்ந்த ஈயம் தானாகப் போகாது.

2. மண்ணைப் பார்ப்பது

சாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போடுங்கள். கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சுமார் இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். களிமண் படிய ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். ஒவ்வொரு முறையும் சாடியின் வெளிப்பக்கம் கோடு போட்டு வையுங்கள், கடைசியில் மூன்று அடுக்கையும் அளந்துகொள்ளலாம்.

இது எதற்கு என்றால், மணல் மிகுந்த மண்ணில் தண்ணீரும் சத்தும் கீழே ஓடிவிடும், அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்ற வேண்டும். களிமண் இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஈரமாக இருக்கும்போது மிதித்தாலோ கொத்தினாலோ இறுகிப்போகும். இரண்டுக்கும் மருந்து மக்கிய உரம்தான், பராமரிப்புதான் வேறு. களிமண்ணை இளக்குகிறேன் என்று கொஞ்சம் மணலைக் கலப்பவர்கள் நிறைய. அப்படிக் கலந்த மண் காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும், செய்யாதீர்கள்.

அடுத்து, 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளக்க வேண்டும். முதல் தண்ணீரைக் காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் இரண்டாவது முறை அளந்தால்தான் உண்மை தெரியும். மணிக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அங்கே வேர் அழுகும், பாத்தியை மேடாக்குங்கள்.

3. சருகு முதலில், சமையலறைக் கழிவு பிறகு

மக்க வைப்பதில் தோற்றவர்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: காய்கறித் தோலையெல்லாம் ஒரு வாளியில் போட்டார்கள், பத்து நாளில் நாறியது, புழு வந்தது, வீட்டில் சண்டை வந்தது, நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் ஈரக் கழிவு இருந்தது, சருகு இல்லை.

மக்கச் செய்கிற நுண்ணுயிர்களுக்குக் கரிச்சத்துதான் (கார்பன்) எரிபொருள், தழைச்சத்து (நைட்ரஜன்) உடல் வளர்க்க. எடைக் கணக்கில் தழைச்சத்து 1 பங்கு என்றால் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சமையலறைக் கழிவில் இந்த விகிதம் ஏறக்குறைய 15 அல்லது 20தான், காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை, மரத்தூளில் பல நூறு. கணக்குப் பார்க்க வேண்டாம் என்றால், ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சருகு இன்னொரு வேலையும் செய்கிறது, குவியலுக்குள் காற்று போக இடைவெளி விடுகிறது.

அதனால் குறைந்தது நான்கு சாக்குச் சருகு சேரும் வரை ஈரக் கழிவைச் சேர்க்கத் தொடங்காதீர்கள். சேர்த்த சருகு மழையில் நனையாமல் இருக்கட்டும். பெரிய, தோல் போன்ற இலைகளைக் காலால் மிதித்தோ கத்தரித்தோ நொறுக்கிவிடுங்கள், முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தட்டையாகி காற்றை அடைத்துவிடும். அச்சிடாத அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டாலும் சருகின் வேலையைச் செய்யும்.

4. சருகைக் கேட்பது

உங்கள் இடத்தில் மரம் இருந்தால் இந்தப் படி தேவையில்லை என்று தோன்றும். இருந்தாலும் செய்யுங்கள். கேட்கத் தெரியாத ஒருவர் எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டியிருக்கும். கேட்டுப் பழக இதைவிட எளிதான பொருள் வேறு கிடையாது, அவர்கள் எப்படியும் வெளியே எறியப்போகிற ஒன்று.

கேள்வி சின்னதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். "வணக்கம், நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். தோட்டத்துக்கு உரம் செய்கிறேன். நீங்கள் கூட்டித் தள்ளுகிற சருகை நான் எடுத்துக்கொள்ளலாமா? சனிக்கிழமை காலையில் நானே வந்து சாக்கில் அள்ளிக்கொள்கிறேன்." யார், எதற்கு, என்ன, எப்போது, யார் சிரமப்படுவது என்று ஐந்தும் இதில் இருக்கிறது. கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். பதில் வருவதற்குள் "பரவாயில்லை, முடியாவிட்டால் வேண்டாம், சும்மா கேட்டேன்" என்று அடுக்குவதுதான் புதியவர்கள் செய்கிற பிழை. சரி என்று சொல்ல வந்தவரைக்கூட அது குழப்பிவிடும்.

மறுத்துவிடுவார்கள் என்ற பயம் கணக்கில் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கிறது. பிரான்சிஸ் பிளின், வனெஸ்ஸா லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் இதைச் சோதித்தார்கள். அறிமுகமில்லாதவர்களிடம் போய் உதவி கேட்க வேண்டும், அதற்கு முன், குறிப்பிட்ட எண்ணிக்கையில் சம்மதம் கிடைக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். மக்கள் சொன்ன எண்ணிக்கை, உண்மையில் தேவைப்பட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நோட்டில் நீங்களும் எழுதிப் பாருங்கள்: கேட்பதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், கேட்ட பிறகு என்ன நடந்தது. ஐந்தாறு வரி சேர்ந்ததும், யாரும் அறிவுரை சொல்லாமலே பயம் தணியத் தொடங்கும்.

கேட்கும்போது ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள்: "இந்தப் பக்கம் களைக்கொல்லி ஏதாவது அடித்தீர்களா?" ஏன் என்பது 7ஆம் படியில்.

5. குவியல் அடுக்குவது

தரையில் நேரடியாக அடுக்குங்கள், சிமென்ட் மேல் வேண்டாம். மண்ணில் இருக்கிற புழுவும் நுண்ணுயிரும் தானாக ஏறி வரும், மிச்சத் தண்ணீர் கீழே இறங்கும். அடியில் 15 செ.மீ. உயரத்துக்குக் குச்சி, தடித்த தண்டு பரப்புங்கள், காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

அதன் மேல் சருகு, அதன் மேல் ஈரக் கழிவு, மறுபடி சருகு. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, ஒரு கை பழைய மக்கோ (மக்கிய உரம்) தோட்ட மண்ணோ தூவுங்கள். மேல் அடுக்கு எப்போதும் சருகாகவே இருக்கட்டும். ஈக்கும் எலிக்கும் இதுதான் தடுப்பு, தனியாக மருந்து எதுவும் தேவையில்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருந்தால் குவியல் சூடேறும். அதைவிடச் சின்னதாக இருந்தால் உண்டாகிற சூடு வெளியேறிவிடும், ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்தால் நடுவில் காற்று போகாது. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஒரே நாளில் மொத்தமாக அடுக்கினால்தான் சூடு ஏறும். தினமும் ஒரு கை கழிவு சேர்க்கிற குவியல் சூடேறாது, அதில் தவறும் இல்லை, மக்குவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குளிர்ந்த குவியலில் விதை பிடித்த களையும் நோய் வந்த செடியும் போடக்கூடாது, அவை சாகாமல் அப்படியே பாத்திக்குத் திரும்பி வரும். மாடியில் இருப்பவர்கள் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பெரிய வாளியில் இதே அடுக்கைச் செய்யலாம், அதுவும் குளிர்ந்த வகைதான்.

இறைச்சி, பால் பொருள், எண்ணெய் எதுவும் வேண்டாம். நாய், பூனை மலம் வேண்டவே வேண்டாம், மனிதருக்குத் தொற்றுகிற ஒட்டுண்ணிகள் அதில் இருக்கலாம். விறகுச் சாம்பல் கொஞ்சம் தூவலாம். அதிகமானால் காரத்தன்மை ஏறி, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

6. ஈரம், காற்று, சூடு

நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். சொட்டே வரவில்லை என்றால் தண்ணீர். எறும்பு கூடு கட்டியிருந்தால் உள்ளே காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

மொத்தமாக அடுக்கிய குவியல் இரண்டு மூன்று நாளில் சூடேறும். 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போவது நல்லது. 55 டிகிரியில் மூன்று நாள் இருந்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் செத்துவிடும். வெப்பமானி இல்லை என்றால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள், பிடிக்க முடியாமல் சுட்டால் போதுமான சூடுதான். 70 டிகிரியை நெருங்கினால் வேலை செய்கிற நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும், கிளறி ஆற்றுங்கள்.

சூடு தணியத் தொடங்கும்போது கிளறுங்கள், தினமும் கிளற வேண்டாம். ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் நடுவில் இருப்பது ஓரத்துக்கும் வர வேண்டும், ஏனென்றால் ஓரம் ஒருபோதும் சூடாகாது, அங்கிருக்கிற களை விதை உயிரோடு இருக்கும். சும்மா மேலே மட்டும் கிண்டிவிட்டு, கிளறிவிட்டேன் என்பவர்களின் பாத்தியில்தான் அடுத்த பருவம் களை மண்டும்.

மூக்கை நம்புங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை. மூக்கைக் குத்துகிற அம்மோனியா வாடை என்றால் தழைச்சத்து மிஞ்சியிருக்கிறது. இரண்டுக்கும் சருகு போட்டுக் கிளறுவதுதான் வழி. வாடையும் இல்லை, சூடும் இல்லை, ஈரம் சரியாக இருக்கிறது என்றால் பச்சை இலையோ புல்லோ சேர்க்க வேண்டும்.

7. மக்கிவிட்டதா என்று சோதிப்பது

கறுப்பாகி, உதிரியாகி, போட்டது எது என்று அடையாளம் தெரியாமல், மழை பெய்த காட்டு மண் வாசனை வந்தால் பாதி வேலை முடிந்தது. கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். இப்போதே அள்ளிப் பாத்தியில் போட்டுவிடுவதுதான் அவசரக்காரர்களின் பிழை. அரைகுறையாக மக்கியது மண்ணுக்குள் போனால், நுண்ணுயிர்கள் மிச்ச வேலையை முடிக்க மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், உங்கள் நாற்று மஞ்சளாகிவிடும். சூடு முழுக்க அடங்கிய பிறகும் ஒரு மாதம் ஆற விடுங்கள்.

சோதனை எளிது. ஈரமான மக்கு ஒரு பிடியைப் பையில் போட்டு இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் புளித்த வாடையோ அம்மோனியாவோ வந்தால் இன்னும் ஆகவில்லை.

இனி களைக்கொல்லி. வைக்கோல், புல், கால்நடை எரு ஆகியவற்றை வெளியிலிருந்து கொண்டு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். குளோபிராலிட், அமினோபிராலிட் போன்ற சில களைக்கொல்லிகள் புல்லில் அடிக்கப்பட்டால், அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றிலும் சிதையாமல் எருவில் வந்துவிடும், குவியலின் சூட்டிலும் எளிதில் அழியாது. மிகச் சிறிய அளவே அவரை, தக்காளி வகைகளைக் கெடுக்கப் போதும். நான் ஒருமுறை விசாரிக்காமல் எரு வாங்கிவந்து ஒரு பருவம் முழுவதையும் இழந்தேன். இலைகள் கிண்ணம் மாதிரிக் குவிந்து சுருண்டன, நோய் என்று நினைத்து வாரக்கணக்கில் வேறு எதையோ செய்துகொண்டிருந்தேன்.

அதனால் மூன்று தொட்டியில் மக்கு கலந்த மண், மூன்று தொட்டியில் வெறும் மண், ஆறிலும் அவரை விதை. மூன்று வாரம் பாருங்கள். மக்கு போட்ட தொட்டிகளில் மட்டும் புது இலை சுருண்டால் அதைக் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். வெறும் மண் தொட்டியை விட்டுவிட்டால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை, குறை விதையிலா மக்கிலா என்று சொல்ல முடியாது.

8. மண்ணுக்குக் கொடுப்பது

முதல் வருடம் பாத்தியின் மேல் 5 செ.மீ. வரை பரப்பலாம், அடுத்தடுத்த வருடங்களில் 1 அல்லது 2 செ.மீ. போதும். இயற்கையானதுதானே என்று வருடா வருடம் நிறையக் கொட்டினால் மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் குவிந்துவிடும், அதை வெளியே எடுக்க வழியில்லை. ஆழமாகக் கொத்திக் கலக்கவும் வேண்டாம், மேலே போட்டாலே புழுக்கள் இழுத்துக்கொண்டு போகும். கொத்தினால் உள்ளே தூங்குகிற களை விதை மேலே வரும்.

அதன் மேல் 5 முதல் 10 செ.மீ. மூடாக்கு, அதாவது மண்ணை மூடுகிற சருகோ வைக்கோலோ. தண்டை ஒட்டி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள், ஈரம் ஒட்டிக்கொண்டே இருந்தால் தண்டு அழுகும். மரச்சீவலை மேலே மூடாக்காகப் போடலாம், மண்ணுக்குள் கலந்தால் 7ஆம் படியில் சொன்ன அதே தழைச்சத்துத் தட்டுப்பாடு வரும்.

மக்காத பச்சை எருவைப் போட வேண்டியிருந்தால் அறுவடைக்கு வெகு முன்பே போட்டுவிட வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, உண்ணும் பகுதி மண்ணில் படுகிற பயிருக்கு 120 நாள் இடைவெளி, மற்றவற்றுக்கு 90 நாள். எங்கே இருந்தாலும் இதைப் பின்பற்றுவது நல்லது, எருவில் வருகிற கிருமிகளுக்கு ஊர் வித்தியாசம் தெரியாது.

காலியாகக் கிடக்கிற பாத்தியில் பயறு, அவரை இனத்தில் எதையாவது விதையுங்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை நடக்கிறது, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. பூ விடும்போதே அடியோடு அறுத்து அங்கேயே பரப்புங்கள். காய் பிடிக்க விட்டால் சத்து விதைக்குப் போய்விடும். "சத்தெல்லாம் வேரில்தானே, செடியை வெளியே எறிந்தேன்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேர்ந்த தழைச்சத்தில் பெரும்பங்கு மேலே இருக்கிற தழையில்தான் இருக்கிறது, அதை எறிந்தால் விதைத்ததே வீண்.

9. குவியல் மக்குகிற மாதங்களில் காசுக் கணக்கு

குவியலுக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் பணத்துக்கும் அதே சாடிச் சோதனையைச் செய்யுங்கள். 30 நாள், ஒரு செலவு விடாமல், அன்றன்றைக்கே எழுத வேண்டும்: தேதி, எதற்கு, எவ்வளவு. இந்த 30 நாளில் எதையும் குறைக்க முயலாதீர்கள். குறைத்துக்கொண்டே எழுதினால் உங்கள் உண்மையான செலவு தெரியாது, ஒரு நல்ல பிள்ளையின் செலவுதான் தெரியும், அடுத்த மாதம் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

பிறகு, இல்லாமல் வாழ முடியாத செலவுகளைத் தனியாகக் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் அடுத்த படிக்கு அளவுகோல். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை இரண்டு முறை வருகிற காப்பீடு, கல்விக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு போன்றவற்றைக் கூட்டி 12ஆல் வகுத்து, மாதா மாதம் எடுத்து வையுங்கள். திடீர்ச் செலவு என்று நாம் புலம்புவதில் பாதி, தேதி தெரிந்து வருகிற இந்தச் செலவுகள்தான்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கம். எழுதி 30 நாள் தாண்டிய பொருள்களைப் பாருங்கள். இன்னமும் தேவை, இல்லாமல் வேலை நின்றிருக்கிறது என்று சொல்லக்கூடியதை மட்டும் வாங்குங்கள். பலருடைய பட்டியலில் பூவாளியும் நல்ல கத்தரிக்கோலும் மட்டும் மிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன்.

10. சேமிப்பா, கடனா: எது முதலில்

வரிசை இது. எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை. அடுத்து, ஒரு மாத அத்தியாவசியச் செலவு கையிருப்பு. அடுத்து, வட்டி அதிகமான கடன். அது முடிந்த பிறகு கையிருப்பை 3 முதல் 6 மாதச் செலவு அளவுக்கு உயர்த்துவது. முதலீடு எல்லாம் அதற்கு அப்புறம்.

கடனை அடைக்கிற வேகத்தில் ஒரு மாதக் கையிருப்பைச் சேர்க்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆர்வம் நல்லதுதான். ஆனால் அடுத்த வாரமே யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், கையில் ஒன்றும் இல்லாததால் இன்னும் மோசமான வட்டிக்குப் புதிதாக வாங்குவார்கள். கையிருப்பு அந்தச் சுழலை அறுக்கிறது.

மாதம் 3 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்துக்கு அது ஏறக்குறைய 42.6 சதவீதம், 24 மாதத்தில் 100 என்பது 203 ஆகிவிடும். எந்தச் சேமிப்புத் திட்டமும் இதற்கு நிகரான வருமானத்தை உறுதியாகத் தராது, அதனால்தான் இந்தக் கடன் முதலீட்டுக்கு முன்னால் வருகிறது. இரண்டு மூன்று சின்னக் கடன் தொல்லை செய்கிறது, ஒன்றையாவது முடித்தால்தான் மனசு நிற்கும் என்றால் சின்னதை முதலில் முடியுங்கள். வட்டி கொஞ்சம் கூடப் போகும், தொடர்ந்து கட்டுகிற தெம்பு கிடைக்கும்.

கையிருப்பைத் தினசரிச் செலவுக் கணக்கில் வைக்காதீர்கள், தனிக் கணக்கு வேண்டும். வருமானம் வந்த அன்றே அங்கே போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடுகிறேன் என்று சொன்னவர்கள் யாருக்கும் மிஞ்சி நான் பார்த்ததில்லை.

11. பேச்சில் படிப்படியாக ஏறுவது

4ஆம் படியில் தொடங்கியதை இங்கே நீட்டிக்கிறோம். உங்களுக்குக் கூச்சம் தருகிற பத்துச் சூழ்நிலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பயத்தின் அளவு போடுங்கள். அறிமுகமில்லாதவருக்கு வணக்கம் சொல்வது 2 ஆக இருக்கலாம், கடையில் தவறான பொருளைத் திருப்பிக் கொடுப்பது 5, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது 8. மூன்றில் தொடங்குங்கள். அதையே பலமுறை செய்து, அளவு பாதியாகக் குறைந்த பிறகுதான் அடுத்தது. எட்டில் தொடங்கி அடிபட்டுத் திரும்புகிறவர் அதற்கப்புறம் மூன்றைக்கூடத் தொட மாட்டார்.

செய்யும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது, மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒப்பிப்பது, பாதியில் நழுவுவது இவையெல்லாம் வேண்டாம். அப்படித் தப்பித்தால், தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மனசு முடிவு செய்துகொள்ளும். பயம் தானாகத் தணிகிற வரை அங்கேயே நின்றால்தான், ஆபத்து எதுவும் இல்லை என்பதை அது கற்றுக்கொள்ளும்.

மறுப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் சேமிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் கடன் கேட்டு வருவார்கள். "பார்க்கலாம்" என்பது பதில் அல்ல, அது அவரையும் அலைக்கழித்து உங்கள் தூக்கத்தையும் கெடுக்கும். "என்னால் இப்போது கொடுக்க முடியாது" என்று ஒரே வாக்கியம் போதும். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு வழி சொல்வார், நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடுங்கள், தொகையும் தேதியும் இருவர் கையிலும் எழுத்தில் இருக்கட்டும்.

12. சருகு கொடுத்த வீட்டுக்குத் திரும்பிப் போவது

முதல் குவியல் ஆறியதும் ஒரு வாளி மக்கு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். 7ஆம் படிச் சோதனையில் தேறிய மக்காக இருக்க வேண்டும், அவர்கள் செடி கெட்டால் அடுத்த வருடம் சருகும் கிடைக்காது, முகத்தையும் பார்க்க முடியாது.

கொடுக்கும்போது எப்படிப் போடுவது என்றும் சொல்லிவிடுங்கள்: தொட்டி மண்ணின் மேல் இரண்டு விரல் கனம், தண்டில் படாமல், உடனே தண்ணீர். வாளியைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட வேண்டாம், அதுவும் பயிற்சிதான். அப்படியே அடுத்த பருவத்துச் சருகை எந்தக் கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்துவிட்டு வாருங்கள், நான்கு சாக்கு காலியாக இருக்கிறது.